கீழடி பக்கம்தான், ஆனால் அடுத்த மாவட்டம்

ஒரு வாசகர் கேட்டது: "மதுரையில் மீனாட்சி கோயிலையும் நாயக்கர் மகாலையும் விட்டால் காலையில் போய் மாலையில் திரும்புகிற மாதிரி என்ன இருக்கிறது? இரண்டையும் பூட்டிவிட்டார்கள். கொடைக்கானலுக்கு இ-பாஸ் போட்டால் நிராகரித்துவிடுகிறார்கள். பேசாமல் வீட்டில் கிடப்பதுதான் வழி. இல்லை என்பவர்கள் எழுதுங்கள்."

19 ஜூலை 2020, ஞாயிறு

இல்லை என்கிறேன். இன்று கொரோனா ஊரடங்கில் தளர்வில்லா ஞாயிறு. கடை பூட்டிக் கிடக்கிறது, எழுத நேரம் இருக்கிறது.

பழங்காநத்தம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாக என் பிழைப்பே, வெளிமாவட்டம் போக அரசு தருகிற இ-பாஸுக்கு விண்ணப்பம் போடுவதுதான். திருமணம், இறப்பு, மருத்துவம், சொந்த ஊர் திரும்புவது. இவற்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 'சும்மா போய்வர' என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. திருமணம் என்றால் பத்திரிகையை இணைக்க வேண்டும். ஒரே பத்திரிகையை ஒரு வாரத்தில் ஐந்து பேர் என்னிடம் கொண்டுவந்தார்கள். ஐந்து பேருமே பெண்ணுக்குச் சித்தப்பா.

கேட்டவர் மறந்தது இதை: கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டம். அதனால்தான் பாஸ். மாவட்டத்துக்குள் சுற்ற எந்தப் பாஸும் வேண்டாம். வடக்கே மேலூர் தாண்டிக் கொட்டாம்பட்டி, மேற்கே உசிலம்பட்டி, தெற்கே பேரையூர் வரை நம் மாவட்டம்தான். இதற்குள் சமணர் இருந்த குன்றுகளை எண்ணினாலே விரல் போதாது. நேற்று மாலை கடையை அடைத்துவிட்டுக் கீழக்குயில்குடி போனேன். தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில், பின்னால் சமணர் மலை. மேலே ஏற விடவில்லை. பரவாயில்லை. ஆலமரத்தடியில் முகக்கவசத்தைக் கழற்றி நாலு முறை மூச்சு இழுத்துவிட்டு வந்தேன். மார்ச் 24க்குப் பிறகு வேலை இல்லாமல் நான் போன முதல் இடம் அது.

20 ஜூலை

'எந்தப் பாஸும் வேண்டாம்' என்று எழுதியதைத் திருத்துகிறேன். இப்போதைக்குத்தான் அது சரி. ஜூன் 24 முதல் மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்கள் எல்லாம் முழு ஊரடங்கில் மூன்று வாரம் கிடந்தன. அந்த நாள்களில் நான் ஆலமரம் பார்க்கப் போயிருந்தால் என் வண்டி காவல் நிலைய வாசலில் வெயில் காய்ந்திருக்கும். யாரும் என் முந்தைய குறிப்பைக் காவலரிடம் காட்டி வாதாட வேண்டாம்.

26 ஜூலை, மறுபடி ஞாயிறு

ஒருவர் கேட்டிருக்கிறார்: அப்படியானால் கீழடி?

அங்கேதான் இடிக்கிறது. மதுரையிலிருந்து கீழடி சுமார் 12 கிலோமீட்டர். ராமநாதபுரம் சாலையில் சிலைமான் வரை மதுரை மாவட்டம். அதைத் தாண்டியதும் சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் வட்டம். உசிலம்பட்டி அதைப் போல மூன்று மடங்கு தூரம், அங்கே தாராளமாகப் போகலாம். டவுன் பஸ்ஸில் போகிற தூரத்திலுள்ள கீழடிக்கு மட்டும் சித்தப்பா ஆக வேண்டும்.

இத்தனை நாள் இந்த எல்லை எங்கே இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா? சாலையோரத்தில் ஒரு பலகை இருக்கும், அதன் மேல் திரைப்பட விளம்பரம் ஒட்டியிருக்கும். இப்போது அந்த இடத்தில் தடுப்பு, பந்தல், நாற்காலி, பதிவேடு. ஆறாம் கட்ட அகழாய்வு பிப்ரவரியில் தொடங்கி, ஊரடங்கில் நின்று, மே மாதம் மறுபடி தொடங்கியது. தோண்டுகிறவர்கள் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். (சாலை வரை போய்ப் பார்த்தேன், ஆமாம். சென்ற வியாழன். வீட்டில் காகிதக் கட்டு வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தேன்.)

27 ஜூலை

காலையில் எழுந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஜூன் 1 முதல் மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்தார்களே, அதில் மதுரையும் சிவகங்கையும் ஒரே மண்டலம். மண்டலத்துக்குள் பாஸ் வேண்டாம். ஜூன் 25இல்தான் மறுபடி மாவட்டத்துக்கு மாவட்டம் பாஸ் என்றார்கள். ஆக மூன்று வாரத்துக்கும் மேல் கீழடி திறந்துதான் இருந்தது. அந்த மூன்று வாரமும் பிறருக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். விதிகளை எனக்கு நானே படித்துச் சொல்லிக்கொள்ளவில்லை.

8 ஆகஸ்ட்

அரிட்டாபட்டி போவதாகக் கிளம்பினேன். மதுரையிலிருந்து 25 கிலோமீட்டர் இருக்கும். ஏழு குன்றுகள், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், பக்கத்துக் குன்றில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு, பாறை இடுக்குகளில் வல்லூறு. எல்லாம் படித்து வைத்திருந்தேன். படித்தவை படித்தபடியே இருக்கின்றன.

வழியில் குறுக்குப் பாதை என்று ஒரு ஊருக்குள் வண்டியை விட்டேன். ஊர் முகப்பில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். நடுவே ஓர் ஆள் நுழைகிற சந்து. சந்தில் வேப்பிலை கட்டிய கயிறு, பக்கத்தில் மஞ்சள் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குடம். குடத்துக்குக் காவல் போல ஓர் ஆத்தா உட்கார்ந்திருந்தார்.

"எந்த ஊர் தம்பி?"

"மதுரை, ஆத்தா."

"மதுரையா? அங்கேதானே கிடக்கிறது அது."

நோயைத்தான் 'அது' என்றார். பெயர் சொல்லவில்லை. வேறு ஏதும் கேட்கவும் இல்லை. குடத்திலிருந்து ஒரு கை அள்ளி என் வண்டிச் சக்கரத்தின் மீது தெளித்தார், வந்த வழியைக் காட்டினார். வண்டியைத் திருப்பும்போது பார்த்தேன், முள்வேலிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் என்னைப் புலியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

10 ஆகஸ்ட்

'நீ கிராமத்துக்கு நோயைக் கொண்டுபோகப் பார்த்தாய்' என்று மூன்று பேர் திட்டியிருக்கிறார்கள். பதில் சொல்ல நினைத்து மூன்று முறை எழுதி அழித்தேன்.

என் கணக்கு இது: தனியாகப் போகிறேன், திறந்தவெளி, யாரையும் தொடுவதில்லை. அந்த ஆத்தாவின் கணக்கு வேறு: என் கடைக்கு ஒரு நாளில் நாற்பது பேர் வருகிறார்கள், நாற்பது பேரின் ஆதாரை வாங்கி நான் கண்ணாடியில் கவிழ்க்கிறேன். அவருக்கு என் கடை தெரியாது. தெரிந்திருந்தால் குடத்தோடு கவிழ்த்திருப்பார், அதில் தப்பும் இல்லை. நான் சொன்ன 'மாவட்டத்துக்குள் தாராளம்' என்பதில் ஊர்க்காரர்களைச் சேர்க்கவில்லை. இனி மலைக்கும் குளத்துக்கும் மட்டும், ஊருக்குள் நுழையாமல்.

திட்டியவர்களில் ஒருவர் மட்டும் கடைசியில் 'குடைவரை எப்படி இருந்தது' என்று கேட்டிருக்கிறார். முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள் ஐயா.

17 ஆகஸ்ட்

இன்று முதல் ஆதாரும் கைபேசி எண்ணும் கொடுத்தால் யாருக்கும் உடனே இ-பாஸ். காரணத்தை யாரும் துருவுவதில்லை. சித்தப்பாக்கள் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள், என் கடை வரும்படியும் படுத்துவிட்டது. 'இப்போது கீழடி போகலாமே' என்று நான்கு பேர் எழுதிவிட்டார்கள். போகலாம். அப்பாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல்.

21 ஆகஸ்ட்

தொற்று இல்லை என்று முடிவு வந்தது. சாதாரணச் சளிதான். விசாரித்தவர்களுக்கு நன்றி. நான்கு நாள் அப்பா மாடி அறையில், தட்டு வாசற்படியில். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் சுவரோரம் காயப் போட்டிருந்த வற்றலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முள்வேலி போட எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

6 செப்டம்பர்

முழு ஊரடங்கு இல்லாத முதல் ஞாயிறு. மகளோடு சமணர் மலை. எனக்கு மட்டும்தான் தோன்றும் என்று நினைத்தேன், மதுரையில் பாதிப் பேருக்குத் தோன்றியிருக்கிறது. குளக்கரையில் வண்டி நிறுத்த இடம் இல்லை.

முதலில் தென்மேற்குப் பக்கம் செட்டிப்புடவு. குகை வாசலில் பெரிய மகாவீரர் உட்கார்ந்திருக்கிறார். ஊரில் அவரைச் செட்டியார் என்கிறார்கள். காதும் வயிறும் பார்த்தால் கடையில் உட்கார்ந்த செட்டியார் போலத்தான் இருக்கிறது, அந்தப் பெயர் வைத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே குனிந்து மேலே பார்த்தால் விதானத்தில் வரிசையாகச் சிற்பங்கள். அதில் ஒருத்தி சிங்கத்தின் மீது ஏறி வில்லை வளைக்கிறாள், எதிரே யானை மீது வாளும் கேடயமுமாக ஒருவன். கொல்லாமை பேசியவர்களின் குகையில் இந்தச் சண்டை எதற்கு என்று மகள் கேட்டாள். இயக்கி, காவல் தெய்வம், என்று ஏதோ சொன்னேன். "காவலுக்கு வந்தவள் ஏன் இப்படிப் பாய்கிறாள்?" என்றாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிறகு அய்யனார் கோயிலை ஒட்டிப் படியேறினால் பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, அதையொட்டிப் பாறையில் ஏழு சிற்பங்கள், கீழே வட்டெழுத்து. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு. அச்சணந்தி என்ற முனிவரின் பெயரை மதுரைப் பக்கத்துக் குன்றுகள் பலவற்றில் காணலாம். இங்கே அவருடைய அம்மா இருக்கிறார்: 'அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி.' மகன் துறவியாகப் போய்விட்டான். அம்மா அவன் வழியிலேயே ஒரு சிற்பம் செய்துகொடுத்து, தன் பெயரோடு அவன் பெயரையும் வெட்டச் சொல்லியிருக்கிறார். நான் இந்த மலையைப் பள்ளி நாளிலிருந்து பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவன். ஓர் அம்மா கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார் என்பது நாற்பத்தைந்து வயதில்தான் தெரிகிறது.

வட்டெழுத்தை நான் நேராகப் படித்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் கண்ணுக்கு அது மருந்துச் சீட்டு. வாசகத்தை ஏற்கெனவே புத்தகத்தில் படித்துவிட்டுப் போய், பாறையில் 'இதுவாக இருக்கும்' என்று கைகாட்டினேன்.

மலை உச்சி வரை போகவில்லை. அங்கே ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து இங்கே வந்துபோனவர்கள் அதை விட்டுச் சென்றிருக்கிறார்கள், மாவட்டம் மாநிலம் எதையும் கேட்காமல்.

7 செப்டம்பர்

மூன்று விஷயம்.

பேச்சிப்பள்ளத்தில் சிற்பம் எட்டு. ஏழு என்று எழுதியிருந்தேன். மகள் படித்துவிட்டு, "நான் அங்கேயே எட்டு என்று சொன்னேன், நீங்கள் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தீர்கள்" என்கிறாள்.

நேற்றுத் திரும்பும்போது முகக்கவசம் தாடையில் இருந்தது. 200 ரூபாய் அபராதம். இரண்டு நாள் முன்புதான் புதிய அபராதத் தொகைகள் வந்தன, அதற்கு நானே என் கடைச் சுவரில் நகல் ஒட்டியிருக்கிறேன். எச்சில் துப்பினால் 500 என்பதும் அதில் இருக்கிறது. ரசீதைக் கொடுத்தவர், "எங்கே போய் வருகிறீர்கள்?" என்றார். சமணர் மலை என்றேன். "அங்கே என்ன இருக்கிறது?" என்றார். பின்னால் வண்டிகள் நின்றன, இல்லாவிட்டால் குணமதியார் கதையைச் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது, இன்று முதல் வெளிமாவட்ட பஸ்ஸும் ஓடுகிறது. பாஸ் தொல்லை முதல் தேதியோடு தீர்ந்தது, கொடைக்கானல் மாதிரி மலைகளுக்கு மட்டும் இன்னும் வேண்டும். இந்த இழையைத் தொடங்கிவைத்த நண்பருக்கு விடிவு இல்லை.

4 அக்டோபர்

அப்பாவுக்கு 71 வயது. மார்ச்சிலிருந்து தெருமுனை தாண்டவில்லை. அவருக்கு இந்த வருடத்தில் எந்த ஊரடங்கும் உறைக்கவில்லை, அழகர் ஆற்றில் இறங்காததுதான் உறைத்தது. மே மாதம் மீனாட்சி திருக்கல்யாணத்தை அர்ச்சகர்கள் சிலரே நடத்தினார்கள், இணையத்தில் காட்டினார்கள், பார்த்தார். அழகரோ ஊருக்கே வரவில்லை. வைகைக் கரையில் எதிர்கொள்ள ஆளும் இல்லை, வர அழகரும் இல்லை. சித்ரா பௌர்ணமி அன்று காலையில் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்றார். எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.

கோயில்கள் செப்டம்பரில் திறந்துவிட்டன. ஆனால் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வருவதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். சரி, கோயிலுக்குள் வேண்டாம், வழியை மட்டும் பார்த்துவிட்டு வருவோம் என்று தெரிந்தவரின் காரை வாங்கிக்கொண்டு அழகர்கோயில் சாலையில் கிளம்பினோம். அழகர் வருகிற வழி அதுதான், நாங்கள் எதிர்த்திசையில் போனோம். தல்லாகுளம், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி. அழகரை வரவேற்கும் மண்டகப்படி மண்டபங்களை ஒன்று விடாமல் அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். இது இன்னாருடையது, இங்கே பானகம் நன்றாக இருக்கும், இங்கே அழகர் நிற்கவே மாட்டார், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுவார். சாலையோரத்தில் நான் பாழடைந்த கல் மண்டபம் என்று நினைத்திருந்தவை எல்லாம் அவருக்கு நிலையங்கள். இரண்டு மண்டபத்தில் ஆடு நின்றது. ஒன்றில் யாரோ நெல் மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

கள்ளந்திரியில் பெரியாறு கால்வாய். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காரை ஓரங்கட்டி, கதவைத் திறந்து, கால்களை வெளியே தொங்கவிட்டு அப்பா உட்கார்ந்தார். அங்கிருந்து அழகர் மலை முழுதாகத் தெரியும். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு. பிறகு தண்ணீரைப் பார்த்து, "இது கேரளாவிலிருந்து மலையைக் குடைந்து தேனிக்கு வந்து, வைகை அணையில் விழுந்து, திண்டுக்கல் மாவட்டத்துப் பேரணையில் திரும்பி இங்கே வருகிறது. இதற்கு இ-பாஸ் யார் போட்டுக் கொடுத்தது, நீயா?" என்றார். 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுவிக் போட்டுக் கொடுத்தது என்றேன். ஆறு மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கொண்டுபோன புளியோதரையைக் குரங்கு பறித்துக்கொண்டது. அழகர்மலைப் பக்கத்துக் குரங்குகள் இந்த வருடம் பட்டினி கிடந்திருக்கின்றன, கோபித்துக்கொள்ளவில்லை.

15 நவம்பர்

தீபாவளிக்கு மறுநாள். கீழக்குயில்குடி போனவன் குளத்தைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிட்டேன். தாமரை இலைகளுக்கு நடுவே நீல முகக்கவசங்கள். ஆலமரத்தடியில் பிரியாணித் தட்டு, கிழித்த பாக்கெட். ஒரு பையன் செட்டியார் முழங்காலில் ஏறிப் படம் எடுத்ததாக அங்கிருந்தவர் சொன்னார்.

'உங்கள் குறிப்பைப் படித்துத்தான் போனோம், அருமை' என்று சென்ற வாரம் எனக்கு இரண்டு செய்திகள் வந்திருந்தன. இன்று அவற்றை மறுபடி படித்தேன். இனி எந்த இடத்துக்கும் வழி எழுத மாட்டேன்.

16 நவம்பர்

சரி, கோபத்தில் எழுதினேன். என் ஜெராக்ஸ் கடைக் குறிப்பு இல்லாவிட்டால் கூட்டம் வந்திருக்காது என்று நினைப்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் வழி எழுத மாட்டேன்.

24 ஜனவரி 2021

கீழடி போனேன்!

வீட்டிலிருந்து முப்பத்தைந்து நிமிடம். தடுப்பு இருந்த இடத்தில் இப்போது பழையபடி பலகை மட்டும். ஆறாம் கட்டப் பணி செப்டம்பரோடு முடிந்துவிட்டது, அடுத்த கட்டம் இன்னும் தொடங்கவில்லை. எனவே நான் பார்த்தது ஒரு தென்னந்தோப்பு. நல்ல தோப்பு. இளநீர் வாங்கிக் குடித்தோம். 'இந்த மண்ணுக்குக் கீழே' என்று மகளிடம் தொடங்கினேன், "மண்ணுக்கு மேலே என்ன இருக்கிறது?" என்றாள். தேங்காய் மட்டை இருந்தது.

25 ஜனவரி

ஒரு வாசகர் நிதானமாக எழுதியிருக்கிறார்: "ஐயா, கீழடியில் கிடைத்த பானைகளையும் மணிகளையும் 2019 நவம்பரிலேயே மதுரை உலகத் தமிழ்ச் சங்கக் கட்டடத்தில் காட்சிக்கு வைத்துவிட்டார்களே. நீங்கள் சிலைமான் தடுப்பில் டீ குடித்தபோது அவை உங்கள் ஊருக்குள்தான் இருந்தன."

அந்த வழியாக நான் கடைக்குக் காகிதம் வாங்கப் போகிறேன். வாரம் ஒருமுறை.

20 மே 2021

மறுபடி பூட்டு. பத்தாம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு. கடை திறக்க முடியாது, வீட்டிலிருந்தபடி கைபேசியில் தெரிந்தவர்களுக்கு இ-பதிவு போட்டுக் கொடுக்கிறேன். இந்த முறை மாவட்டத்துக்குள் போகவும் பதிவு வேண்டும். ஆக, கீழக்குயில்குடியும் கீழடியும் இப்போது ஒன்றுதான். திருமணம் என்ற காரணத்தை நடுவில் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தார்கள், என் பழைய சித்தப்பாக்களை நினைத்துக்கொண்டேன். இப்போது யாரும் திருமணத்துக்குக் கேட்பதில்லை. நேற்று ஏழு போட்டேன், நான்கு இறப்பு. அதில் ஒன்று, சென்ற ஆண்டு ஒரே பத்திரிகையோடு வந்த ஐவரில் ஒருவருக்காக.

அழகர் இந்த ஆண்டும் வரவில்லை, கோயில் வளாகத்துக்குள்ளேயே முடித்துவிட்டார்கள். அப்பா இந்தத் தடவை சட்டை மாற்றவில்லை.

மாலையில் மூன்று பேரும் மொட்டைமாடியில் உட்காருகிறோம். மேற்கே நாகமலை, தெற்கே திருப்பரங்குன்றம், வடகிழக்கே யானைமலையின் முதுகு. புகையும் தூசியும் அடங்கிவிட்டதால் வடக்கே இன்னொரு மலையும் தெரிகிறது. அது அழகர் மலை என்கிறார் அப்பா. இடம் பார்த்தால் சிறுமலை என்கிறேன் நான். மூன்று நாளாகத் தீரவில்லை. இன்று மகள் திசைகாட்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.